மாடல் கட்டும்போது காதில் என்ன ஓடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாஸ்டிக் கிட் வாங்கி விமானம், டாங்கி, கப்பல் என்று சிறு அளவில் கட்டுகிறவர்களின் மேசையில் நிப்பர் (வெட்டுக் குறடு), கத்தி, பசைக்குப் பக்கத்தில் ஏதாவது ஒன்று பாடிக்கொண்டோ பேசிக்கொண்டோ இருக்கும். ஒரு 1/48 விமானத்துக்கு (அசலில் 48இல் ஒரு பங்கு அளவு) 30, 40 மணி நேரம் சாதாரணமாகப் போகும். அவ்வளவு நேரமும் வாய்மூடி, காதுமூடி உட்கார எல்லோராலும் ஆகாது. எதைக் கேட்பது, எதில் கேட்பது, எப்போது அணைப்பது என்று புதிதாகத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் கீழே.

எதையாவது கேட்டுக்கொண்டே கட்டினால் வேலை கெடுமா?

எந்த வேலை என்பதைப் பொறுத்தது. மாடல் கட்டுவது ஒரே வேலை மாதிரித் தெரிந்தாலும் அதற்குள் மூன்று வகை இருக்கிறது. எண்ணைப் படித்துத் தேடிச் செய்கிற வேலை. கை தானாகப் பழகிச் செய்கிற வேலை. காதால் கவனிக்க வேண்டிய வேலை.

முதல் வகைக்குப் பேச்சு எதிரி. 1974இல் ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற இரு உளவியலாளர்கள், நாம் ஒரு எண்ணையோ சொல்லையோ சிறிது நேரம் மனத்தில் வைத்திருப்பது உள்ளுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பதால்தான் என்று விளக்கினார்கள். வெளியிலிருந்து வருகிற பேச்சும் அதே இடத்துக்குள் நுழைகிறது. கவனிக்காமல் விட்டாலும் நுழையும் என்பதுதான் சிக்கல்.

மேசையில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். குறிப்புத் தாளில் இடது இறக்கைக்கு 34ஆம் எண் டீகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சிட்ட சின்னம்) என்று பார்க்கிறீர்கள். டீகால் தாளில் 34 எங்கே என்று கண் தேடுகிறது. அந்த நேரம் வானொலியில் கிரிக்கெட் வர்ணனையாளர் “84 ரன்னுக்கு 3 விக்கெட்” என்கிறார். கத்தி 43ஐயோ 84ஐயோ வெட்டி எடுக்கிறது. அதைத் தண்ணீரில் போட்ட பிறகுதான் தெரியும். தண்ணீரில் விழுந்த டீகாலை உலர்த்தித் திரும்ப வைத்துக்கொள்வதை நம்ப முடியாது. ஆக எண் தேடும் வேலைக்குச் சொல் இல்லாத இசை, அல்லது எதுவுமே இல்லை.

அப்படியானால் எந்தக் கட்டத்தில் எதைக் கேட்கலாம்?

பெட்டியைத் திறந்து குறிப்புத் தாளை முதலிலிருந்து கடைசிவரை படிக்கும் அரை மணி நேரம் அமைதியாக இருக்கட்டும். எந்தத் துளையை உள்பக்கத்திலிருந்து போட வேண்டும், எந்த மாற்றுப் பாகத்தை விட வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். பாதியில் தவறவிட்ட ஒரு துளை, இறக்கையின் இரு பாதிகளையும் ஒட்டி முடித்த பிறகு நினைவுக்கு வந்தால் அழுவதுதான் மிச்சம்.

ஸ்ப்ரூ எனப்படும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பாகங்களை வெட்டுவது, வெட்டிய தழும்பைத் தேய்ப்பது, இருபாதி உடலை ஒட்டிய கோட்டில் பட்டி வைத்து உப்புத்தாள் போடுவது, சக்கரம் சக்கரமாக ரப்பர் நிறம் தீட்டுவது: கதை, பேச்சு, பாட்காஸ்ட், பாட்டு எதுவும் ஓடலாம். கையும் கண்ணும் மட்டும் வேலை செய்கின்றன. மனம் சும்மா இருக்கிறது. சும்மா இருக்கிற மனத்துக்குத் தீனி போடாவிட்டால் அவசரம் வரும், அவசரத்தில் சொரசொரப்பான 400 எண் தாளிலிருந்து நேராக மிக நைசான 2000க்குத் தாவுவோம், பெயின்ட் அடித்ததும் கீறல் பல்லிளிக்கும். இந்தக் கட்டத்தில் காதில் ஏதாவது ஓடுவது நன்மையே.

காக்பிட் உள்வேலை, கண்ணாடி மூடியில் பெயின்ட் படாமல் மறைக்க மாஸ்கிங் டேப் வெட்டி ஒட்டுவது, ஒளிச்செதுக்குப் பித்தளைத் துண்டுகளை (அரித்து எடுத்த மெல்லிய தகட்டுப் பாகங்கள்) மடிப்பது, இரட்டை இறக்கை விமானத்துக்கு நூல் கட்டுவது ஆகியவற்றில் மூச்சையே பிடித்துக்கொண்டு செய்கிறோம். நன்றாகப் பழகிய, மெதுவான வாத்திய இசை போதும். வீணையோ புல்லாங்குழலோ ஆலாபனையில் நிற்கும்வரை கைக்குத் தொல்லை இல்லை.

பாட்டு கேட்டால்?

தெரிந்த பாட்டு பெரும்பாலும் தொல்லை தராது. நூறு முறை கேட்ட பாட்டில் அடுத்து என்ன வரும் என்று மனம் எதிர்பார்த்து உட்காருவதில்லை. புதுப் பாட்டு, அதுவும் வரிகள் புரியாமல் “என்ன சொன்னான்?” என்று காதைத் தீட்ட வைக்கிற பாட்டு, கவனத்தைத் தின்னும். புது ஆல்பத்தை முதல் தடவை கேட்க மாடல் மேசை ஏற்ற இடமில்லை.

தாளம் பற்றி ஒரு எச்சரிக்கை. கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களின் தொடை சும்மா இருக்காது. தனி ஆவர்த்தனம் சூடுபிடித்ததும் வலது கை தானாக எழும். அந்தக் கையில் கூர்முனை வைத்த 11ஆம் எண் பிளேடு இருக்கும். குத்துப்பாட்டுக்குக் காலாட்டுகிறவர்களுக்கும் இதே கதை: முழங்கால் மேசையை முட்டினால் திறந்திருக்கும் பசைப் புட்டி சாயும். மெல்லிய பசை மாடல்மேல் கொட்டினால் துடைக்காதீர்கள். அது பிளாஸ்டிக்கின் மேல்தோலை இளக்கியிருக்கும். துணி பட்டால் துணியின் நெசவு அப்படியே பதியும். தொடாமல் ஆவியாக விட்டு, மறுநாள் இறுகிய பிறகு மெல்லத் தேய்த்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

ஒலிப்புத்தகங்கள் எதற்கு நல்லவை?

டாங்கிச் சங்கிலிக்கு. ஒரு 1/35 டைகர் டாங்கியின் சங்கிலியில் பக்கத்துக்கு 96 கண்ணிகள், இரு பக்கமும் சேர்த்து 192. தனித்தனிக் கண்ணிகளாக வரும் கிட்டில் ஒவ்வொன்றும் நாலு இடத்தில் ஸ்ப்ரூவோடு ஒட்டியிருந்தால் 768 வெட்டு; ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு தேய்ப்பு. டி-34 என்றால் பக்கத்துக்கு 72தான், கொஞ்சம் இரக்கம். இதை அமைதியில் செய்கிறவர்கள் முதல் பக்கம் முடிந்ததும் கிட்டை அலமாரியில் ஏற்றிவிடுகிறார்கள். நீண்ட நாவல் ஒன்று ஓடினால் இரண்டு, மூன்று மாலைகளில் முடிந்துவிடும்.

சில நடைமுறைகள். கேட்கும் செயலியில் பின்னோக்கித் தாவும் பொத்தானை 30 நொடிக்கு வையுங்கள். உப்புத்தாள் போடும்போது ஒரு வாக்கியமாவது காதில் விழாமல் போகும். வேகத்தை 1.5க்கு ஏற்றிக் கேட்கிற பழக்கம் இருந்தால் மேசையில் 1க்குக் கொண்டுவாருங்கள். வேகமாகப் பேசும் குரலுக்கு ஈடுகொடுக்கக் கையும் வேகமெடுக்கும், நிப்பர் பாகத்தை ஒட்டி வெட்டிக் குழி விழும். முதல் வெட்டைச் சற்றுத் தள்ளிப் போட்டு, மிச்சத்தை இரண்டாவது வெட்டில் எடுப்பதுதான் முறை.

துப்பறியும் கதைகளில் ஒரு ஆபத்து உண்டு: கடைசி அத்தியாயம். கொலைகாரன் யார் என்று தெரியும்வரை எழுந்திருக்க மனம் வராது, இரவு 1 மணி ஆகிவிடும், அந்தக் கடைசி அரை மணியில் ஒட்டியவை கோணலாக இருக்கும். கதையைக் கேளுங்கள், கத்தியைக் கீழே வைத்துவிட்டு.

கிரிக்கெட் வர்ணனை?

டெஸ்ட் ஆட்டத்தின் வானொலி வர்ணனை இந்தப் பொழுதுபோக்குக்கென்றே செய்தது போலிருக்கும். நாளுக்கு 90 ஓவர், மூன்று பகுதிகள், பகுதிக்கு 2 மணி நேரம், நடுவில் உணவுக்கு 40 நிமிடம், தேநீருக்கு 20 நிமிடம். வேலையை இதில் பொருத்திக்கொள்ளலாம். உணவு இடைவேளைக்கு முன் மெல்லிய அக்ரிலிக் பூச்சு ஒன்றை அடித்து முடித்தால் ஆட்டம் திரும்பும்போது தொட்டுப் பார்க்கிற அளவுக்கு உலர்ந்திருக்கும். அதன்மேல் டேப் ஒட்டுவது வேறு விஷயம். அதற்கு ஓர் இரவு விடுங்கள். தேநீர் இடைவேளையில் எழுந்து கண்ணைத் தொலைவில் ஓட்டுங்கள்.

இங்கிலாந்தில் நடக்கும் ஆட்டம் இந்திய நேரம் பிற்பகல் 3.30க்குத் தொடங்கி இரவுவரை போகும். வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி. மெல்போர்னில் டிசம்பர் 26 ஆட்டம் காலை 5 மணிக்கு. வீடு எழுவதற்குள் இரண்டு மணி நேரம் கிடைக்கும்.

விக்கெட் விழும்போது வர்ணனையாளர் கத்துவார், கை துள்ளும். பந்து வீச ஓடிவரும் நேரத்தில் வெட்டாமல், பந்துகளுக்கு இடையில் வெட்டுகிறவர்கள் உண்டு. விளையாட்டாகச் சொல்லவில்லை, பழகினால் அது ஒரு லயமாகவே வந்துவிடும். இருபது ஓவர் ஆட்டத்துக்கு இந்த இடைவெளியே கிடையாது. அன்றைக்குப் பாகங்களைக் கழுவி உலரவைக்கலாம்.

ஏர்பிரஷ் அடிக்கும்போது ஹெட்போன் போடலாமா?

வெளிச்சத்தத்தை அடைக்கும் ஹெட்போன் வேண்டாம். அழுத்தக் காற்றால் பெயின்ட்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ் என்ன செய்கிறது என்பதைக் கண் பார்ப்பதற்கு ஒரு நொடி முன்பே காது சொல்லிவிடும். அந்த ஒரு நொடிதான் மேற்பரப்பைக் காப்பாற்றுகிறது.

சரியாக ஓடும் ஏர்பிரஷ் ஒரே சீரான “ஸ்ஸ்” தரும். அந்தச் சீர் உடைந்து துடிக்க ஆரம்பித்தால் மூன்றில் ஒன்று: ஊசி முனையில் பெயின்ட் காய்ந்திருக்கிறது, கலவை தடிமனாக இருக்கிறது, அல்லது நாசில் (பெயின்ட் வெளிவரும் முனைத்துளை) சரியாக உட்காராமல் காற்று பெயின்ட் கிண்ணத்துக்குள் போகிறது. மூன்றாவது என்றால் கிண்ணத்தில் குமிழியிடும் “களக் களக்” கூடவே கேட்கும். முதல் இரண்டுக்கும் மாடலிலிருந்து கையை விலக்கி, தின்னர் தொட்ட பஞ்சால் முனையைத் துடையுங்கள். திரும்பத் துடித்தால் கலவையில் சில சொட்டு தின்னர் சேருங்கள். குமிழி என்றால் நாசிலைக் கழற்றி, அதன் விளிம்பில் காய்ந்த பெயின்ட் இருக்கிறதா பார்த்து, திரும்ப மாட்டுங்கள். 0.3 மில்லிமீட்டர் நாசிலின் மரை மிக மெல்லியது. முறுக்கினால் உள்ளேயே ஒடிந்துவிடும். விரல் பலமே போதும்.

விசையைத் தொடாதபோதும் “ஸ்ஸ்” நிற்கவில்லை என்றால் அடியில் இருக்கும் காற்று வால்வில் அழுக்கோ, தேய்ந்த ரப்பர் வளையமோ இருக்கிறது.

அடுத்தது, ஏர்பிரஷுக்குக் காற்று தரும் கம்ப்ரசர். தொட்டி வைத்த சிறிய வகை பெரும்பாலும் 4 பார் அழுத்தத்தில் தானே நின்று, 3 பாருக்கு இறங்கினால் தானே ஓடும். நீங்கள் அடிக்காமல் சும்மா இருக்கும்போது அது அவ்வப்போது உயிர்த்தெழுந்து ஓடினால் எங்கோ கசிவு. இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். நிற்கவே இல்லையென்றால் அழுத்த விசை கெட்டிருக்கலாம், உடனே அணையுங்கள். இதையெல்லாம் இரைச்சல் நீக்கும் ஹெட்போனுக்குள் இருந்துகொண்டு கேட்க முடியாது. அந்த ஹெட்போன்கள் முதலில் விழுங்குவதே கம்ப்ரசரின் உறுமல் போன்ற சீரான, தாழ்ந்த ஒலியைத்தான்.

சென்னை மாதிரி கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் இன்னொன்றையும் கேட்கலாம். குழாயில் நீர் சேர்ந்தால் “ஸ்ஸ்”க்கு நடுவே ஒரு துப்பல் வரும். அது பெயின்ட்டின் மேல் நீர்ப்புள்ளியாக விழும். ஈரம் பிடிக்கும் குடுவையின் அடிவால்வை அழுத்தி நீரை வெளியேற்றிவிட்டுத் தொடருங்கள்.

அடிக்கும் அழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ (ஒரு பார் ஏறக்குறைய 14.5 பிஎஸ்ஐ) இருந்தால் அறை மூலையில் ஒரு ஸ்பீக்கரில் ஓடும் பாட்டும் கேட்கும், ஏர்பிரஷும் கேட்கும். பேச்சு மட்டும் சரியாகப் புரியாது. அதற்காகச் சத்தத்தைக் கூட்டாமல் பேச்சிலிருந்து பாட்டுக்கு மாறுங்கள்.

சத்தம் எவ்வளவு இருக்கலாம்?

பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 85 டெசிபலுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 88க்கு 4 மணி. மாடல் மேசையில் தொல்லை வருவது கம்ப்ரசராலோ, பெயின்ட் ஆவியை இழுத்து வெளியேற்றும் காற்றுப் பெட்டியின் விசிறியாலோ நேரடியாக இல்லை. அவற்றுக்கு மேலே கேட்க வேண்டும் என்று காதுக்குள் இருக்கும் இயர்பட்டை ஏற்றுவதால். அடித்து முடித்து இரண்டையும் அணைத்த பிறகு பாட்டு திடீரென்று அலறினால், அவ்வளவு நேரமும் அந்த அளவில்தான் கேட்டிருக்கிறீர்கள்.

ஹெட்போனா, இயர்பட்டா, ஸ்பீக்கரா?

ஸ்பீக்கர். விலை மலிந்த சிறியதே போதும்.

ஹெட்போனுக்கு எதிராக மூன்று காரணங்கள். லாக்கர் வகை (கடும் கரைப்பான் கலந்த) பெயின்ட் அடிப்பவர்கள் கரிம ஆவி வடிகட்டி வைத்த பாதிமுக மாஸ்க் போட வேண்டும். அதன் ஒரு பட்டை உச்சந்தலையில், ஒன்று பிடரியில். ஹெட்போன் பட்டை அதன்மேல் ஏறி மாஸ்கை நகர்த்தினால் மூக்கோரம் இடைவெளி விழும், தின்னர் வாடை உள்ளே வரும். வாடை வந்தால் மாஸ்க் வேலை செய்யவில்லை என்று பொருள். போட்டே ஆக வேண்டுமென்றால் மாஸ்கை முதலில் கட்டி, வடிகட்டிகளை உள்ளங்கையால் மூடி மூச்சிழுத்து, முகத்தோடு ஒட்டிக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு ஹெட்போனை வைத்து, திரும்ப ஒருமுறை அதே சோதனை. தலையில் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் அதற்கும் இடமில்லை. மூன்றாவது, காது மெத்தையின் நுரை பெயின்ட் வாடையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

கம்பி வைத்த இயர்போன் வேண்டவே வேண்டாம். தலையைத் திருப்பினால் கம்பி மேசையைப் பெருக்கிக்கொண்டு போகும். முதலில் விழுவது 40 மில்லி பசைப் புட்டி. ஒரு மரக்கட்டையில் புட்டியின் அடிப்பாகம் இறங்கும் அளவுக்குக் குழி தோண்டி அதில் நிறுத்துவது, கம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நல்லது.

கன்ன எலும்பு வழியாக ஒலி கடத்தும் வகை காதைத் திறந்தே வைக்கிறது, அந்த வகையில் நல்லது. அதன் வளைவு பிடரியைச் சுற்றி வருவதால் மாஸ்கின் கீழ்ப்பட்டையோடு மோதும். மாஸ்க் தேவைப்படாத வேலைகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பதும் ஒரு கேள்வி. மேசைமேல் வைத்தால் தாழ்ந்த ஒலியில் மேசை அதிரும், வெள்ளைத் தட்டில் வரிசையாக வைத்த 1/700 கப்பலின் பீரங்கிக் குழல்கள் நடக்க ஆரம்பிக்கும். உள்ளே இருக்கும் காந்தம் எஃகு ட்வீசரை இழுக்கும். காந்தம் ஏறிய ட்வீசர், பிளேடு துணுக்குகளைச் சேர்த்துக்கொண்டு திரியும். சுவர் அலமாரியில், காற்றுப் பெட்டிக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். காற்றுப் பெட்டிக்குள்ளோ அதன் வாயிலோ எந்த மின்கருவியும் வேண்டாம். அங்கே தீப்பிடிக்கும் ஆவி ஓடுகிறது.

சின்னப் பாகம் தெறித்து விழுந்துவிட்டது. இதற்கும் கேட்பதற்கும் என்ன தொடர்பு?

நிறைய. ட்வீசர் நுனியிலிருந்து பாகம் பறக்கும்போது கண் அதைப் பிடிப்பதில்லை. அது தரையில் விழும் “டிக்” மட்டுமே தடயம். வலமா, இடமா என்று மூளை கணக்குப் போடுவது இரண்டு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேர வேறுபாட்டையும் அளவு வேறுபாட்டையும் வைத்து. ஒரு காதில் இயர்பட் இருந்தால் அந்தக் கணக்கு தப்பும். இரண்டிலும் இருந்தால் “டிக்”கே கிடையாது.

விழுந்தவுடன் நாற்காலியை நகர்த்தாதீர்கள், காலையும். பாட்டை நிறுத்துங்கள். முதலில் மடியையும் சட்டை மடிப்பையும் பாருங்கள். பிறகு விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து மெல்லச் சுழற்றினால் துரும்புக்குக்கூட நீளமான நிழல் விழும். அப்படியும் கிடைக்காவிட்டால் தூசி உறிஞ்சியின் வாயில் மெல்லிய காலுறைத் துணியை ரப்பர் வளையத்தால் கட்டி உறிஞ்சுங்கள். பாகம் துணியில் ஒட்டி நிற்கும். துணியில் பட்டதும் ஒரு சின்னச் சத்தம் வரும், பாட்டு நின்றிருந்தால் அதுவும் கேட்கும்.

பாட்டைக் கடிகாரமாகப் பயன்படுத்தலாமா?

பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஐந்து நிமிட எபாக்சி பசை என்றால் கலக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு திரைப்பாட்டு முடிவதற்குள் பாகம் இடத்தில் இருக்க வேண்டும். டீகாலைத் தண்ணீரில் 10, 15 நொடி நனைத்து, எடுத்து ஈரத்தாளில் ஒரு நிமிடம் வைத்தால் தாளிலிருந்து வழுக்கும்: ஒரு பல்லவி. மைக்ரோ சால் மாதிரி இளக்கும் திரவம் தடவியதும் டீகால் சுருங்கிப் பயமுறுத்தும். அப்போது விரல் வைத்தால் கிழிந்துவிடும். தொடாமல் நாலைந்து பாட்டு போகட்டும், தானே படிந்து உட்காரும்.

பழைய இசைத்தட்டோ கேசட்டோ வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் எளிது. இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 20 நிமிடம், 60 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 30. திருப்பிப் போட எழுந்தே ஆக வேண்டும், கழுத்துக்கு நல்லது.

நேரம் மறந்தால் கையை உண்மையிலேயே கடிப்பது சூப்பர் க்ளூதான். இடைவெளி அடைக்க அதை ஊற்றியிருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். கதைச் சுவாரசியத்தில் மறுநாளைக்குத் தள்ளினால் அது சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும். உப்புத்தாள் மென்மையான பிளாஸ்டிக்கைத் தின்னும், பசை மேடாகவே நிற்கும்.

கட்டும் மாடலுக்குப் பொருத்தமான ஒலிப்பதிவுகள் ஏதாவது உண்டா?

உண்டு, இதில்தான் சுவையே.

இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களான லங்காஸ்டரோ வெல்லிங்டனோ கட்டுகிறவர்கள் 1942 மே 19 பதிவைக் கேட்க வேண்டும். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், செல்லோ கலைஞர் பியாட்ரிஸ் ஹாரிசன் முன்பு வாழ்ந்த வீட்டுத் தோட்டத்திலிருந்து நைட்டிங்கேல் பறவையின் பாட்டை பிபிசி 1924 முதல் நேரலையாக ஒலிபரப்பி வந்தது. அன்று இரவு பறவை பாடிக்கொண்டிருந்தபோது மன்ஹைம் நகரை நோக்கிக் குண்டுவீச்சு விமானங்கள் மேலே போயின. நேரலையில் விட்டால் ஜெர்மானியர்களுக்கு முன்னறிவிப்பாகிவிடும் என்று பொறியாளர் ஒலிபரப்பை நிறுத்தினார். பதிவு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. பறவை நிறுத்தவில்லை. மெல்ல எழுந்து, நிறைந்து, தேய்ந்து போகும் என்ஜின் ஒலிக்கு நடுவே அது பாடுகிறது. வயிற்றுப்பகுதிக்குக் கறுப்பு அடிக்கும் மாலையில் கேட்க வேறொன்று தேடத் தேவையில்லை.

1943 செப்டம்பர் 3 இரவு வின்ஃபர்ட் வான் தாமஸ் என்ற பிபிசி செய்தியாளர் ஒலிப்பதிவுப் பொறியாளர் ஒருவரோடு லங்காஸ்டரிலேயே ஏறி பெர்லின்வரை போய்ப் பதிவு செய்துவந்ததும் இருக்கிறது. பேசுகிறவர்களின் குரலில் இருக்கும் நிதானம் வியப்பூட்டும். இது பேச்சு; சக்கரம் தீட்டும் நேரத்துக்கு வையுங்கள்.

நிலவில் இறங்கிய ஊர்தியை 1/48இல் கட்டுகிறவர்களுக்கு நாசாவின் அப்பல்லோ 11 தொடர்பு ஒலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1969 ஜூலை 20 அன்று என்ஜின் மூட்டியதிலிருந்து தரை தொடும்வரை 12 நிமிடத்துக்குச் சற்று மேல். நடுவில் 1202 என்ற கணினி எச்சரிக்கை வரும். அந்த 12 நிமிடம் மட்டும் கையில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மற்ற மணிநேரங்கள் பெரும்பாலும் எண்களும் நீண்ட மௌனங்களும். தங்கநிறத் தாளைச் சுருக்கி ஒட்டும் வேலைக்கு நன்றாகப் பொருந்தும்.

ரயில் மாடல்காரர்களுக்கு பீட்டர் ஹேண்ட்ஃபோர்ட் 1950களில் தொடங்கி பிரிட்டனின் நீராவி என்ஜின்களைப் பதிவு செய்து வெளியிட்ட இசைத்தட்டுகள் இருக்கின்றன. ஏற்றத்தில் சக்கரம் வழுக்குவதும் திரும்பப் பிடிப்பதும் காதாலேயே தெரியும். புகைக்கரி எங்கே படியும், எங்கே எண்ணெய் வழியும் என்று யோசித்துக்கொண்டு அழுக்கு நிறம் ஏற்றும்போது கேட்டால் கை தானாக இடம் தேடிப் போகும்.

மாடல் கட்டுவதைப் பற்றியே பேசும் பாட்காஸ்ட்கள்?

ஆங்கிலத்தில் பல உள்ளன. ஆஸ்திரேலியாவிலிருந்து ஆன் தி பெஞ்ச், அமெரிக்காவிலிருந்து பிளாஸ்டிக் மாடல் மோஜோ ஆகியவை பரவலாகக் கேட்கப்படுபவை. மேசையில் பேசுகிற மாதிரியே பேசுவார்கள், இடையில் சில நிமிடம் தவறவிட்டாலும் குறையில்லை. செலவு வேறு வகையில் வரும்: ஒரு மணி நேரம் கேட்டால் வாங்க வேண்டிய கிட்டுகள் மூன்று கூடியிருக்கும்.

கைபேசியைத் தொடாமல் எப்படிச் சமாளிப்பது?

உட்காரும் முன்பே இரண்டு மணி நேரத்துக்கு வரிசை போட்டுவிடுங்கள், அழைப்பு ஒலியை அணையுங்கள். விரலில் சூப்பர் க்ளூ இருப்பது திரையில் ரேகை பதிந்த பிறகுதான் தெரியும். மறுபக்கமும் உண்டு: திரையைத் தடவிய விரலின் பிசுக்கு மாடல்மேல் பட்டால் அந்த இடத்தில் பெயின்ட் ஒதுங்கி வட்டம் விழும். அடிப்பூச்சான பிரைமருக்கு முன் ஒருமுறை பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் மாடலைக் கழுவி உலர்த்துவது இதற்காகவும்தான்.

விளம்பரம் வரும் இலவச ஒலிச்செயலிகள் கத்தி வேலைக்கு ஆகாது. மெல்லிசைக்கு நடுவே திடீரென்று கத்தும் விளம்பரம், கண்ணாடி மூடியின் குறுக்கே ஒரு கோடு. பாட்டுகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது குமிழ் வைத்த பழைய எஃப்எம் பெட்டி ஒன்றை வையுங்கள். முழங்கையால்கூடக் குறைக்கலாம்.

படமோ தொடரோ ஓடவிட்டுக் கட்டலாமா?

கையில் கத்தி இல்லாதபோது. ஏற்கெனவே பார்த்த படம் என்றால் முதுகுக்குப் பின்னால் ஓடட்டும், வசனம் போதும். பசையில்லாமல் சொருகிக் கட்டும் ஜப்பானிய ரோபோ கிட்டுகள், அதாவது பண்டாய் நிறுவனத்தின் கன்பிளா வகை, கூடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து கட்டத் தோதானவை. அவற்றிலும் வெட்டும்போது திரையைப் பார்க்காதீர்கள்.

இரவில் கட்டுகிறேன், அடுக்குமாடி வீடு. என்ன செய்யலாம்?

பாட்டை விடக் கீழ்வீட்டுக்குக் கேட்பது கம்ப்ரசரின் அதிர்வுதான். தடித்த ரப்பர் விரிப்பையோ பழைய யோகா விரிப்பை நாலாக மடித்தோ அடியில் போடுங்கள். சுவரில் சாய்ந்திருந்தால் ஒரு சாண் தள்ளி வையுங்கள். 10 மணிக்கு மேல் அடிப்பதை விட்டுவிட்டு, தூரிகை வேலை, டீகால், மாஸ்கிங் என்று வைத்துக்கொள்ளலாம். டீகாலும் பித்தளைத் துண்டும் பறக்காமல் இருக்கச் சீலிங் ஃபேனை நிறுத்த வேண்டியிருக்கும். அது நின்றதும் அறை அமைதியாகிவிடும், ஸ்பீக்கர் பாதிச் சத்தத்திலேயே தெளிவாகக் கேட்கும்.